மூன்றாம் முறை

பூட்டியாயிற்று.
இழுத்துப் பார்த்தாயிற்று.
இரண்டு மாடி இறங்கி
லிங்கராஜபுரம் மேம்பாலம் எட்டுவதற்குள்
அடுப்பு எரிகிறது
மண்டைக்குள்.

திரும்பி ஏறுகிறேன்.
குமிழ் மூடித்தான் இருக்கிறது.
விரலால் தொட்டு, குனிந்து பார்த்து,
"மூடியிருக்கு" என்று வாய்விட்டும் சொல்லிவிட்டு
இறங்குகிறேன்.
கீழ்வீட்டு கன்னடக்காரம்மா
ஈர ரங்கோலியை நான் தாண்டுவதைப் பார்த்து
"ஏனாயித்து?" என்கிறாள்.
கைக்குட்டை மறந்துபோச்சு என்கிறேன்.
கைக்குட்டை கையிலேயே இருக்கிறது.

செல்லில் அடுப்பின் படம் மட்டும் நாற்பத்தாறு.
ஜஸ்டஸ்தான் எடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னது.
எல்லாம் நேற்றைய குமிழ்கள்.
மன்னாவைப் போல
மறுநாளுக்கு ஆகாது.

இது சிலிண்டர் விஷயமில்லை, எனக்கே தெரியும்.
ஆல்வினின் ஸ்கூல் பீஸ்.
ஜஸ்டஸ் கம்பெனியில்
பாதிப் பேரை அனுப்பிவிட்ட வெள்ளிக்கிழமை.
இடது மார்பில் பயறளவு ஒன்று,
ஒன்றுமில்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்த பிறகும்
கை தேடிப் போகிற ஒன்று.
இத்தனையையும் திருகி மூட
வீட்டில் இருப்பது ஒரே குமிழ்தான்.

ராத்திரி ஜெபம் பண்ணுகிறேன்.
பட்டியல் வாசிக்கிறேன் என்பதுதான் சரி.
ஏதோ விட்டுப்போயிற்றோ என்று
மறுபடி முதலிலிருந்து.
கவலையின் கடைசியில் ஆமென் போட்டால்
அது ஜெபமாகிவிடுமா, ஆண்டவரே?

சபையில் பியூலா அக்கா சொன்னார்:
விசுவாசம் குறைவு, வேறொன்றுமில்லை.
நிம்ஹான்ஸில் டாக்டர் சொன்னார்:
அரை மாத்திரை, சாப்பாட்டுக்குப் பின்.
இரண்டு பேருமே என் கண்ணைப் பார்த்தார்கள்.
டாக்டர் கொஞ்சம் கூடுதல் நேரம்.

மாத்திரையை இரண்டாகப் பிட்கும்போது
அப்பம் ஞாபகம் வருகிறது.
பாவமில்லை என்று நினைக்கிறேன்.

போன பெரிய வியாழன்.
தோட்டத்துப் பகுதியை ஆயர் வாசித்துக்கொண்டிருந்தார்.
எத்தனையோ வருஷமாகக் கேட்டதுதான்,
அன்றைக்குத்தான் எண்ணினேன்.
அவர் எழுந்து போகிறார்,
தூங்குகிறவர்களைப் பார்க்கிறார்,
திரும்பி வந்து ஜெபிக்கிறார்.
மறுபடி போய்ப் பார்க்கிறார்.
மறுபடி வந்து, சொன்னதையே சொல்கிறார்.
மூன்று முறை.

முன்பெஞ்சின் முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டேன்.
முகங்குப்புற விழுந்து,
வியர்த்து,
வேண்டாமே என்று கெஞ்சியவரிடம்
விசுவாசம் குறைவு என்று யார் போய்ச் சொல்வது?
என் மாடிப்படிகள்
அவருக்குப் பழக்கமானவை.

அதோடு குணமாகிவிட்டேன் என்று
சாட்சி சொல்ல எழுந்திருக்கவில்லை நான்.
இதோ, இன்றைக்கும்
மேம்பாலத்தடியில் அடுப்பு மறுபடி எரிகிறது.
மூன்றாம் முறைக்குக் கால் திரும்பிவிட்டது.
"நீரே போய்ப் பார்த்துக்கொள்ளும்" என்கிறேன்,
கொஞ்சம் கோபமாகவே.
பக்கத்தில் நின்ற காலேஜ் பையன்
காதிலிருந்து ஒயரைக் கழற்றிப் பார்க்கிறான்.
அதற்குள் சிவாஜிநகர் பஸ்.

கண்டக்டர் ஆதாரைப் பார்த்துவிட்டு
டிக்கெட் கிழித்துத் தருகிறார்.
பூஜ்யம் ரூபாய்.
நெஞ்சு இன்னும் தடதடவென்றுதான் அடிக்கிறது.
டிக்கெட்டை நாலாக மடிக்கிறேன்,
பிரிக்கிறேன், மடிக்கிறேன்.
காசு கொடுக்காமல் ஏறியவளையும்
இறங்குமிடம் வரைக்கும்
கொண்டுபோகிறது வண்டி.