காலாவதியான பவுடர்

மூலனூருக்குத் தெற்கே, கிளுவை வேலிக்குள்
கொறங்காட்டில் கட்டிய புதுவீட்டைச் சுற்றி
விடிந்தால் ஒரு குழி கூடியிருக்கும்.

"எலிதானுங்க. மருந்து வெச்சுப் போடுங்க"
என்றார் உரக்கடைக்காரர்.
எந்த எலி என்று அவர் கேட்கவில்லை.

வாங்கிப் பூசாமலே காலாவதியான
முகப்பவுடர் ஒரு டப்பா இருந்தது.
ராத்திரி எட்டரைக்கு
ஒவ்வொரு குழிவாயிலும் தூவினேன்.
"மண்ணுக்கு மேக்கப்பாக்கும்?" என்றார் சென்னியப்பன்
டிவியிலிருந்து கண்ணெடுக்காமல்.

காலையில் குனிந்து படித்தேன்.

ஜன்னலுக்கடியில், மழை படாத பொடிமண்ணில்
புனல் புனலாய் இருப்பது குழியானை.
பின்பக்கமாகவே நடந்துபோன கோணல் கோடு.

துவைக்கல்லின் அடியில் சரிந்த பிறைநிலா.
அதற்குள் விரலை விடக்கூடாது.
தேள்.

வட்டம் பிசகாமல், விளிம்பில் நூல் சுற்றி
உள்ளே இருட்டாய் உட்கார்ந்திருப்பவள்
எட்டுக்கால்காரி.

கொழுக்கட்டைப்புல் தூரில் மூன்று வாசல்.
ஒன்றில் மட்டும் புதுமண்.
பவுடரில் பாதங்களுக்கு நடுவே
வாலை இழுத்துப்போன கோடு:
வெள்ளெலி.

மூக்கால் கிண்டிவிட்டு மூடாமல் போன
ஆழமில்லாத குழிகளெல்லாம் முள்ளெலியுடையவை.
புழு தேடி வந்தது, குடியிருக்க அல்ல.
டார்ச் அடித்தால் பாவம், பந்தாகிவிடுகிறது.

எனக்குப் பிடித்தது கல்லெலி.
மிளகளவுக் கூழாங்கல்லாய்ப் பொறுக்கி வந்து
வாசலைச் சுற்றி அடுக்கியிருக்கிறது.
எங்கள் வீட்டுக்கு இன்னும் வாசல்படி முடியவில்லை.

ஈசானி மூலையில் ஒன்று
நான் ரேஷனுக்குப் போய்வந்த பகலில் முளைத்தது.
சதுரம்.
எந்த உயிரும் சதுரமாய்த் தோண்டுவதில்லை.
நடுவில் சிவப்புப் பெயிண்ட் அடித்த முளைக்குச்சி,
அதில் ஒரு எண்.
வெள்வேல மரத்தடியில் பூட்ஸ் தடங்கள்,
எப்படியும் மூன்று பேர்.
மின்கோபுரத்தின் ஒரு கால்
இங்கேதான் ஊன்றப் போகிறதாம்.

சென்னியப்பன் கையெழுத்துப் போட்டுவிட்டிருந்தார்.
நகல் காகிதம் நாலாய் மடிந்து
மிளகாய்ப்பொடி டப்பாவின் கீழே இருந்தது.
"கவருமெண்டுகிட்ட என்னத்தப் பேசறது" என்றார்.
நானும் ஒன்றும் பேசவில்லை.
அன்றைக்கும் பவுடர் தூவினேன்.
பழக்கதோஷத்தில் அந்தக் குழிக்கும்.

விடிந்தபோது குச்சி இல்லை.
வெள்ளை மேல் வெறுங்கால் தடம்.
வலது பெருவிரல் வெளியே திரும்பிய,
பதினேழு வருசமாய்ப் பாயோரத்தில்
நான் பார்க்கிற கால்.

"மூலையில இருந்த குச்சி எங்கீங்க?"

"எலி கிலி இழுத்துட்டுப் போயிருக்கும்."
டீயை ஊதிக்கொண்டிருந்தார்.
குதிகாலில் இன்னும் வெள்ளை.

எந்த எலி என்று நான் கேட்கவில்லை.
சீமாறை எடுத்துப் போய்
ஈசானி மூலையை மட்டும்
கூட்டிவிட்டு வந்தேன்.