பைகளில் வந்த துறைமுகங்கள்

நீர்மட்டத்துக்கு இரண்டு தளம் கீழே
எங்கள் சலவைக்கூடம். ஜன்னல் கிடையாது.
சுழலும் டிரம்மின் வட்டக் கண்ணாடிதான்
நாங்கள் பார்க்கும் கடல்:
நுரை, நுரைக்குள் ஒரு சட்டைக்கை
யாரையோ கூப்பிடுவதுபோல.

ஊர்கள் எங்களிடம்
மாலை ஆறு மணிக்குமேல் வந்து சேரும்,
பயணிகள் கழற்றிப்போட்ட துணிகளில்.

மத்ரா வந்த இரவு
கூடம் முழுக்கச் சாம்பிராணி.
பூசை முடிந்த கோயில்போல இருக்கிறதென்றேன்,
கட்காவுக்கு அது ஏதோ மடாலயம்.
இரண்டையும் சேர்த்து
அறுபது டிகிரியில் துவைத்தோம்.
கஸப் வந்தது உப்பும் வெயில் களிம்புமாக,
கால்சட்டை மடிப்பில் கொஞ்சம் ஆட்டுமுடியோடு.
துபாய்க்கென்று வாசனை இல்லை.
எல்லாப் பைகளிலும் ரசீது,
நனைந்து கூழாகி
வெள்ளைத் துண்டுகளில் ஒட்டிக்கொண்ட ரசீது.
தோஹாவிலிருந்து ஒரு ராஜாளி இறகு.
அதைக் கட்கா வைத்துக்கொண்டான்.
மலையில் பிறந்தவன், கடலென்றால் ஆகாது,
கேட்டால் சம்பளம் என்பான்.

மனாமாவில் எனக்கு இறங்க அனுமதி.
இரண்டரை மணி நேரம்.
சிம் கார்டு மலிவாகக் கிடைக்குமென்று
பாலம் தாண்டி முஹர்ரக் போனேன்.
பவளக்கல் சுவர்கள், ஒடுங்கிய சந்து,
சந்தின் வளைவில் ஒரு கூட்டம்.
எங்கள் கப்பல்காரர்கள்தான்.
முகம் ஒன்றும் தெரியாது எனக்கு.
நீலக் கட்டம் போட்ட சட்டையைத் தெரியும்,
அதன் இரண்டாவது பொத்தானைத் தைத்தவன் நான்.
காலரில் மாம்பழக் கறை போகாத மஞ்சள் உடுப்பு,
தேய்க்கும்போதெல்லாம் சதி செய்யும் லினன் பாவாடை
எல்லாரும் நின்றிருந்தார்கள்.
பழகிய வீட்டுக்குள் நுழைந்தவன்போல
நானும் பின்னால் போய் நின்றேன்.
மஞ்சள் உடுப்பு கொஞ்சம் தள்ளி
இடம் விட்டது.

வழிகாட்டி கையில் ஒரு மூக்குக் கிளிப்.
இதை மாட்டிக்கொண்டு குதிப்பார்கள்,
காலில் கல், இடுப்பில் கயிறு,
முத்து மேலே வரும்,
கணக்கு கப்பல்தலைவனின் நோட்டில் ஏறும்.
முன்பணம் வாங்கித்தான் கடலுக்கே வருவார்கள்.
செத்தால்?
கேட்டது நீலச் சட்டை.
மகன் வருவான், என்றான் வழிகாட்டி.
யாரோ உச்சுக்கொட்டினார்கள்.
நான் மும்பை ஏஜெண்டை நினைத்தேன்.
இரண்டு லட்சத்து எண்பது. ஐந்து மாதம் கட்டியாயிற்று.
என் மகனுக்கு நாலு வயது.
அதற்குமேல் நினைக்காமல்
சிம் கடை எந்தப் பக்கம் என்று தேடினேன்.

எந்த ஊர், என்று கேட்டாள் ரெக்ஸிலின்.
சொன்னேன்.
அங்கே என்ன விசேஷம்?
முத்து, என்றேன்.
நம்ம கடல்ல இல்லாத முத்தா,
அதுக்கா அவ்வளவு தூரம் போனீங்க,
என்று சிரித்தாள். மணப்பாட்டுக்காரி.
பின்னால் குக்கர் விசில் அடித்தது,
எத்தனையாவதென்று இருவருக்குமே தெரியவில்லை.

அன்றிரவு நீலச் சட்டை வந்தது.
பையில் கடினமாக ஏதோ.
பரிசுக்கடையில் விற்கிற மரக் கிளிப்,
அடியில் விலைச்சீட்டு ஒட்டியபடி.
என் பதினாறு மணி நேரக் கூலி.

கட்கா பார்க்கிறானா என்று பார்த்துவிட்டு
மூக்கில் மாட்டினேன்.
ஐந்து மாதத்தில் முதல்முறையாகப்
பிளீச் வாசனை நின்றது.
வாயையும் மூடிக்கொண்டு
டிரம்மைப் பார்த்தபடி எண்ணினேன்.
முப்பத்தெட்டு.
முப்பத்தொன்பது.
நாற்பத்தொன்றில் கட்கா முதுகில் தட்டினான்,
முகம் சிவந்துவிட்டது, பைத்தியமா என்றான்.

விதிப்படி உறையில் போட்டேன்.
அறை எண் 7126.
கண்டெடுத்தவர்: என் கையெழுத்து.
பொருள் விவரம் என்ற கட்டத்தில்
பேனா கொஞ்சநேரம் நின்றது.
கிளிப், மரம், ஒன்று
என்று எழுதினேன்.
மேலே எங்கோ சங்கூதி
கப்பல் குவைத்துக்குத் திரும்பியது.
தரை லேசாகச் சாய,
காய்ந்த துண்டுகளின் அடுக்கு
என் தோளில் வந்து சாய்ந்தது.