குதிரைக் கணக்கு

துன் சார்டோன் சாலையின் ஏழாவது வளைவில்
என் வண்டி நின்றுபோனது,
ஒரு கல்யாண மாலையில்.
பின்னால் இரண்டு டன் ஜெனரேட்டர்.
அதற்கும் பின்னால்
ஹார்ன் அடிக்கத் தயங்கிய பதினொரு கார்கள்.
பன்னிரண்டாவது தயங்கவில்லை.

மலைக்கு அந்தப்புறம் பாலிக் புலாவில்
மின்சாரம் போன மண்டபத்தில்
மாப்பிள்ளை அழைப்பிதழால்
விசிறிக்கொண்டிருப்பதாகப் போனில் சொன்னார்கள்.
"வந்துகிட்டே இருக்கேன்" என்றேன்,
கைப்பிரேக்கை இரண்டு கையாலும் பிடித்தபடி.
சுகுமாறன் இறங்கிப்போய்
சாக்கடையோரம் ஒரு கல்லைப் பொறுக்கி
சக்கரத்துக்கு அண்டை கொடுத்தான்.

பிறையில், தண்டவாளத்தை ஒட்டிய பட்டறை.
போமன் தெய்க் ஹுவாட்
உருளைகளின் மேல் வண்டியை ஏற்றி
நான்கு பட்டைகளால் இழுத்துக் கட்டினார்.
இருந்த இடத்திலேயே
மணிக்கு நூற்றிருபது ஓடியது.
ஏழு வருடத்தில் அது போன
மிக வேகமான பயணம்,
ஓர் அடிகூட நகரவில்லை.

திரையில் கோடு ஏறியது, இளைத்தது, சரிந்தது.
தொண்ணூற்றெட்டு.

"பேப்பர்ல நூத்தி முப்பத்தாறு குதிரை போட்டிருக்கே,
மிச்சம் முப்பத்தெட்டு எங்கே?"
தமிழ் பாதி, மலாய் பாதியாகச் சொன்னார்:
பதினெட்டை கியரும் அச்சும் தின்னும்,
அது அதன் கூலி, கேட்கக்கூடாது.
மீதி இருபதைத் தேடி
சோப்புத் தண்ணீர்ப் புட்டியோடு
பானெட்டுக்குள் குனிந்தார்.
டர்போவிலிருந்து வரும் ரப்பர் குழாயின் மடிப்பில்
பால் குடித்த பிள்ளையின் கடைவாய்போல
நுரை பூத்தது.
"பார். உன் குதிரை இங்கே மேயுது."

குழாய் நூற்றெண்பது வெள்ளி.
நூற்றுப் பதினெட்டு குதிரை திரும்பி வந்தது.
அதோடு வீட்டுக்குப் போயிருக்கலாம்.
ஆனால் அந்தப் பன்னிரண்டாவது ஹார்ன்
இன்னும் என் காதுக்குள் இருந்தது.

"இன்னும் கொஞ்சம் ஏத்த முடியுமா?"

மடிக்கணினியை வண்டியோடு இணைத்தார்.
எவ்வளவு வேண்டும் என்றார்.
ரொம்பக் கேட்டால் கரும்புகை வரும்,
புஸ்பகோமில் துரத்திவிடுவான்,
பிஸ்டன் உருகினால் என்னிடம் அழாதே என்றார்.
நான் சொன்னேன்:
உச்சத்தில் வேண்டாம், அடியில் வேண்டும்.
ஆயிரத்து எண்ணூறு சுற்றில்,
இரண்டாம் கியரில்,
ஏழாவது வளைவில்.

அப்போதுதான் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்.
"பையனுங்க எல்லாம் மேலேயே கேப்பானுங்க" என்று
கோப்பி ஓ ஒன்று வரவழைத்தார், எனக்கும்.

பெரிய இண்டர்கூலர், புது மேப்.
கூட்டு கட்டி எடுத்த பணம் அப்படியே கரைந்தது.
திரையில் நூற்று நாற்பத்தொன்பது.
கோடு இப்போது கீழிருந்தே
தோள் தூக்கி நின்றது.
அந்தக் காகிதத்தை மடித்துக்
கைப்பையில் வைத்துக்கொண்டேன்,
பிள்ளையின் ரிப்போர்ட் கார்டுபோல.

அடுத்த கல்யாணம், அதே சாலை.
நாலு, அஞ்சு, ஆறு என்று
சுகுமாறன் வளைவுகளை எண்ணிக்கொண்டு வந்தான்.
ஏழாவதில் வண்டி
அது அங்கே இருப்பதையே கவனிக்காமல் ஏறியது.
நான் ஜன்னலை இறக்கிவிட்டு
காட்டைப் பார்த்துச் சிரித்தேன்.
எட்டிலும் சிரித்தேன்.

ஒன்பதாவதில்
இஞ்சின் சத்தம் ஏறியது, முள் ஏறியது,
வண்டி ஏறவில்லை.
கருகிய வாடை உள்ளே வந்தது.

தெய்க் ஹுவாட் எதையோ மென்றுகொண்டே
போனை எடுத்தார்.
"வாடை எப்படி? டயர் மாதிரியா, பழைய பேப்பர் மாதிரியா?"
"பேப்பர்."
"அது கிளட்ச். ரொம்ப நாளா தூங்கிட்டிருந்துச்சு.
இப்போதான் அதுக்கு வேலை வந்திருக்கு."
விலையும் சொன்னார்.

பின்னால் முதல் கார் ஹார்ன் அடித்தது.
சுகுமாறன் ஒன்றும் பேசாமல்
சீட்டுக்கு அடியில் கைவிட்டான்.
ஏழாவது வளைவில் அன்று பொறுக்கிய
அதே கல்.