செல்லுபடி

சட்டத்தைக் கழற்றியபோது
சுவரில் இரண்டு பல்லி முட்டைகள்.
ஒன்று உடைந்து காலி.
மற்றது முழுசாக,
கீழ்வரிசைப் பால்பல் அளவில்.

அசல் சான்றிதழ் கேட்டிருந்தார்கள்.
டிசம்பர் முப்பத்தொன்றோடு நான் காலாவதி.

கொருக்குப்பேட்டை கேட்டுக்கு இந்தப் பக்கம்
பேட்டரிக் கடை மாடியில்
பதினான்கு வருடமாய் வாய் பார்க்கிறேன்.
"இன்னா டாக்டரம்மா, செவுத்துல இருந்தத காணோம்?"
கண்ணாடியை வெளியே எடுக்கும்வரை பொறுக்காமல்
கேட்கிறார் மூட்டை தூக்கும் தணிகாசலம்.
வெள்ளையடிக்கப் போகிறேன் என்றேன்.

கரண்ட் போன ராத்திரி
அவர் மகள் செல்போன் வெளிச்சம் பிடிக்க
அவருடைய கடைவாய்ப் பல்லை மூன்று துண்டாக்கி எடுத்தேன்.
அதற்குப் புள்ளி கிடையாது.
கிண்டி ஓட்டலில் ஒரு ஞாயிறு முழுக்க
ஏசிக் குளிரில் உட்கார்ந்திருந்ததற்கு ஆறு.
முழு வாய்க்கும் புதுப்பல் நடுவது பற்றிப் பேசினார் ஒருவர்.
திரையில் தெரிந்த தொகையை
என் தெருவின் வாடகைகளால் வகுத்துக்கொண்டிருந்தேன்.
சாப்பாட்டுக்குப் பிறகு பாதி நாற்காலி காலி.
கையெழுத்துத் தாளில் மட்டும்
ஒருவரும் எழுந்து போகவில்லை.

சங்கத்துச் செயலாளர் போன் செய்தார்.
ஆயுள் சந்தா கட்டினால்
கருத்தரங்குக்குப் பாதிக் கட்டணம்.
ஆயுள் என்றால் எத்தனை வருடம் சார் என்றேன்.
சிரித்துவிட்டு வைத்துவிட்டார்.

கவுன்சில் கவுன்டரில்
என் பெயருக்கு முன்னால் ஞா.,
ஆதாரில் பின்னால் ராபின்சன்.
"ரெண்டு ஹெப்சிபாவும் நீங்கதானா மேடம்?"
நல்ல மனிதர். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார்,
தீர்ப்பின் நகல் ஒன்று வைத்துவிட்டால் போதும் என்று.
நகல் எடுத்து வருவதற்குள் சர்வர் படுத்துவிட்டது.
வருடமும் மாறிவிட்டது.

ஜனவரி மூன்றாம் தேதி
ஷட்டரைப் பாதி இறக்கி உட்கார்ந்திருந்தேன்.
குனிந்து நுழைந்தாள் ஒரு தாய்.
பையனுக்குப் பத்து வயது,
ஒரு கன்னம் மட்டும் இரண்டு பேருடையது.
முத்திரை மேசையில் இருந்தது.
முத்திரையில் எண் இருந்தது.
எண்ணில் நான் இல்லை.

மெஹருன்னிசாவைக் கூப்பிட்டேன். கல்லூரித் தோழி.
நவம்பரிலேயே புதுப்பித்தவள்,
எதையும் முன்கூட்டியே செய்கிறவள்.
திருவல்லிக்கேணியிலிருந்து
இரண்டு பஸ் மாறி வந்தாள்.
அவள் ஊசி போட்டாள், அவள் பிடுங்கினாள்.
நான் எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு
பையனின் நெற்றியை அழுத்திக்கொண்டு.
"நர்ஸம்மா, கொஞ்சம் மெதுவா" என்றாள் தாய்.
மெதுவாகப் பிடித்தேன்.

"பால்பல்லுதானே மேடம், மறுபடி மொளச்சுடும்ல?"

ஆறு வயதில் சத்தமில்லாமல்
பின்வரிசையில் வந்து உட்காரும் பல்.
எதுவும் விழாமல் வருவதால்
எல்லாத் தாயும் அதைப் பால்பல் என்றே நினைக்கிறார்கள்.
வாய்க்கு ஒரே ஒரு தடவைதான் புதுப்பித்தல்.
அபராதம் கட்டினாலும் இரண்டாம் தடவை இல்லை.

மெஹர் என்னைப் பார்த்தாள்.
இந்த வார்த்தையை நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்.
குழாய் காற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தது.
"முளைக்காதும்மா" என்றாள் அவள்,
உருதுக்காரியின் சுத்தத் தமிழில்.

பதினோராம் தேதி குறுஞ்செய்தி வந்தபோது
கேட் மூடியிருந்தது.
கன்டெய்னர் வண்டி, முடிவே இல்லாமல்.
தங்கள் பதிவு புதுப்பிக்கப்பட்டது.
பக்கத்து ஸ்கூட்டர்காரர் கொட்டாவி விட்டார்.
மேல் இடது ஐந்து சொத்தை,
ஆறு இல்லை.
சொல்லலாமா என்று யோசிப்பதற்குள்
கேட் திறந்துவிட்டது.

சட்டம் இன்னும் தரையில் சாய்ந்திருக்கிறது.
இரண்டாவது முட்டை பொரியட்டும்.