சோதனைக் குறிப்பு

பழைய செயலி நேற்று ராத்திரி காசு கேட்டது.
இருநூறு குறிப்பைத் தாண்டிவிட்டேனாம்,
இனி மாதம் நூற்று நாற்பத்தொன்பது.
அந்தக் காசுக்கு மண்டபத்தில்
நகரை மீன் வாங்கி ரெண்டு நேரம் குழம்பு வைக்கலாம்.

பாலிடெக்னிக் படிக்கிற டெல்வின் சொன்னான்:
"ஓப்பன் சோர்ஸ்ல பாருங்க சித்தி.
இலவசம். எல்லாம் திறந்து கிடக்கும்,
யார் வேணா உள்ள பாத்துக்கலாம்."
என் குறிப்பையுமா என்று பதறினேன்.
"நிரலைத்தான் சித்தி" என்று சிரித்தான்.

மூன்றை இறக்கினேன்.

முதலாவது பெரிய வீடு.
குறிப்பேட்டுக்குள் குறிப்பேடு,
அதற்குள் இன்னொன்று,
வண்ணவண்ணமாய்ச் சீட்டு.
உங்கள் சர்வர் முகவரி என்ன என்று கேட்டது.
என் முகவரியா,
சீனியப்பா தர்கா போகிற ரோடு,
தண்ணீர் டேங்குக்குப் பின்னால்.
சோதனைக்கு ஒரு வரி எழுதிப் பார்த்தேன்:
நண்டு வரவு 43 கிலோ 200.
பிறகு நண்டு என்று தேடினால்
ஒன்றும் கிடைக்கவில்லை என்றது.

இரண்டாவது வெறும் பூட்டு.
கடவுச்சொல் மறந்தால்
எங்களாலும் திறக்க முடியாது என்று
வாசலிலேயே பெருமை.
விரலை வை என்றது. வைத்தேன்.
பதினோரு வருஷம் நண்டு உடைத்த விரல்,
ரேகை இருந்த இடத்தில் ஓடு கீறிய கோடு.
மீண்டும் முயலவும்.
மீண்டும் முயலவும்.
ரேஷன் கடை மெஷின் பேசுகிற அதே பேச்சு.

கடவுச்சொல் போட்டு உள்ளே போனேன்.
பூட்டு இருக்கிற தைரியத்தில்
சோதனைக்கு எழுதினேன்:

மரியபுஷ்பம் 3.850. ரெஜிஸ்டரில் 3.500.
காளீஸ்வரி 4.100. ரெஜிஸ்டரில் 3.700.
நூருன்னிசா 2.900. ரெஜிஸ்டரில் 2.600.
கேட்டால் தண்ணிக் கழிவு என்று சொல்ல வேண்டும்.
ரெஜிஸ்டரில் இருப்பது என் கையெழுத்து.

சேமி என்று தொட்டேன்.
வாடை அடித்துக்கொண்டிருந்தது.
டவர் மாறி
இலங்கைக்கு நல்வரவு என்று ஒரு மெசேஜ்.
வட்டம் சுற்றியது,
சுற்றிக்கொண்டே இருந்தது.
என் வரி இங்கேயா அங்கேயா
நடுக்கடலிலா தெரியவில்லை.

மூன்றாவதில் எதுவுமே இல்லை.
வெள்ளைத் திரை, இமைக்கிற ஒரு கோடு.
கடைசியாகப் புதுப்பித்து ரெண்டு வருஷம்.
செய்தவர் முகம் இருக்க வேண்டிய இடத்தில்
சாம்பல் பூனை ஒன்று.
எழுதுவதெல்லாம் சும்மா டெக்ஸ்ட் கோப்பு.
நாளைக்கு இந்தச் செயலி செத்தாலும்
கோப்பு கிடக்கும்,
எந்தப் போனிலும் திறக்கும்.

டெல்வினுக்குப் போன் போட்டேன், மணி பதினொன்றரை.
"அதுவா? அது வேணாம் சித்தி,
அதுல லாக்கே கிடையாது.
யார் வேணா படிச்சிருவாங்க."

யார் வேணா.

போனை வைத்த பிறகும்
அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

பழையதிலிருந்து ஒவ்வொன்றாய் நகலெடுத்தேன்.
பால் பாக்கி, கேஸ் பதிந்த தேதி,
மகன் இன்ஹேலர் தீரும் நாள்,
ஒரு பாதி ஜெபம், அத்தனையும் அங்கேயே கிடக்கட்டும் என்று விட்டு
எடைகளை மட்டும் எடுத்தேன்.
அங்கங்கே ஒளித்து வைத்திருந்தேன்,
சமையல் குறிப்புக்குக் கீழே,
கரண்ட் பில்லுக்கு நடுவே.
பதினோரு மாதம், இருபத்திரண்டு பெண்கள்.
கூட்டிப் பார்க்கவில்லை. கூட்டினால் அனுப்ப மாட்டேன்.

கிறிஸ்துமஸுக்குக் கவரில் வந்த ரெண்டாயிரத்தை
கடைசியில் எழுதினேன், வாங்கியது நான் என்று.
அழித்தேன்.
தண்ணீர் குடித்துவிட்டு வந்து
மறுபடி எழுதினேன்.

காலை ஆறரைக்கு வேன்.
காளீஸ்வரி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்,
தலையில் ஈரத் துண்டோடு.
உன் போனில் புளூடூத் இருக்கா என்றேன்.
"எதுக்கு, பாட்டா?"
இல்லை, படிக்க என்றேன்.

ஒரு கோப்பு வருகிறது, ஏற்கவா என்று
அவள் போன் கேட்டது.
பெயர் வைக்க மறந்திருந்தேன்.
சோதனை 3 என்றுதான் இருந்தது.