அரை அங்குலம்

பள்ளிப் பேருந்தில் மரம் ஏற்றக் கூடாது.
விதிப்புத்தகத்தில் அப்படி ஒரு வரி இல்லை,
யாருக்கும் எழுதத் தோன்றியிருக்காது.
ஜனவரி இரண்டாம் வாரம்
பிள்ளைகளை இறக்கிவிட்டபின்
குப்பைத் தொட்டிகளருகே மல்லாந்து கிடந்த
கிறிஸ்துமஸ் மரங்களைப் பொறுக்கினேன்.
இருக்கைக்கு ஒன்றாக
இருபத்துமூன்று பேர் உட்கார்ந்து வந்தார்கள்.
மறுநாள் காலை ஒரு மூன்றாம் வகுப்புப் பையன்
"பஸ்ஸுக்குள்ள காடு வாசம் வருது" என்றான்.
பனி விழாத கண்ணாடியில்
வைப்பரைப் போட்டுவிட்டேன்.

எனக்கு மீன் பிடிக்கத் தெரியாது.
தின்பதிலும் பெரிய ஆசை கிடையாது.
ஆனால் நான்கு வருஷம் முன்பு
லுண்டீன் ஏரிக்கரைச் சாலையில்
பதினெட்டு நாள்
ஜன்னல்களை அடைத்துக்கொண்டு போனோம்.
பனிக்கட்டிக்கு மேல் பனி கனத்து, வெளிச்சம் செத்து,
மூச்சுக்கு வழியில்லாமல் போனவை
ஏப்ரலில்
வெள்ளை வயிறுகளாய்க் கரையேறின.
வண்டியை நிறுத்து என்று ஒரு சிறுமி அழுதாள்.
நிறுத்தவில்லை. நேரமாகிவிட்டிருந்தது.

காற்றுக்குழாய் போட்டாயிற்று, குஞ்சுகளும் விட்டாயிற்று.
"குடியிருக்க இடம்?" என்றார் ஆர்லன் டீட்ஸ்.
படகுக்கு இடைஞ்சலென்று
அடியில் கிடந்த கட்டைகளை எப்போதோ இழுத்துப் போட்டுவிட்டார்களாம்.
ஆழமானியின் திரையில் காட்டினார்.
மழித்த தலை.
மீன்குஞ்சுக்கு நீச்சல் கற்றுத்தர வேண்டாம்,
சரி,
ஒளிய ஒரு புதராவது வேண்டாமா?

பதினாறு அங்குலப் பனிக்கட்டியின் மேல்
சறுக்குவண்டிகளில் மரங்களை இழுத்தோம்.
மூடிப்போன கார் கழுவுமிடத்தின் சுவர்க்கற்கள்
அடிமரத்துக்கு ஒன்று, சில பருமன்களுக்கு இரண்டு.
தோ செங் வாங் கையுறையைக் கழற்றிவிட்டுத்தான் முடிச்சுப் போடுவார்.
விரல்கள் பீட்ரூட்டாகிவிடும்.
போனி ஷிமான்ஸ்கி காபி ஊற்றிக்கொண்டே எல்லோரையும் திட்டினாள்,
குறிப்பாக யாரையும் அல்ல.
தூண்டில்கடைக்காரர் கரையில் நின்று கேட்டார்:
"மரத்துக்கு என்ன புழு மாட்டுவீங்க?"
சிரித்தோம். அது நல்ல கேள்விதான்.

பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை.
ஏரி நடுவே வேரில்லாத ஒரு தோப்பு
பிப்ரவரி முழுக்க நின்றது.
ஒன்றில் மட்டும் யாரோ எடுக்க மறந்த வெள்ளிச் சரிகை,
திரும்பும் வளைவில்
என் முகப்பு விளக்குக்குக் கண் சிமிட்டும்.

எந்த நாள் முழுகும் என்று தலைக்கு ஒரு டாலர் பந்தயம்.
நான் ஏப்ரல் ஒன்பது என்றேன்.
பதினான்காம் தேதி
காலை நடையில் இருந்தது,
மாலை நடையில் இல்லை.
யாரும் பார்க்கவில்லை.
சத்தம் கேட்டதா என்றுகூட யாருக்கும் தெரியவில்லை.

ஒன்று மட்டும் மிதந்தது.
படகுத்துறையில் வந்து முட்டிக்கொண்டு நின்றது,
பழுத்துச் சிவந்து, என் முடிச்சு அவிழ்ந்து.
தோ செங் எதுவும் சொல்லவில்லை.
கல்லைக் கட்டி, படகிலிருந்து தள்ளி,
மூன்றாவது முறை அமிழ்த்தினார்.
அந்த மௌனத்துக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

மூன்றாம் ஜூன். மீன் பிடிக்கலாம் என்று பலகை வந்தது.
உரிமம் வாங்கினேன், வெட்கத்தோடு.
அவருடைய பழைய கோல், அவர் கோத்த புழு.
ஒரு மணி நேரம் ஏரி என்னைச் சட்டை செய்யவில்லை.
பிறகு கம்பி இழுத்தது,
யாரோ முழங்கையைப் பிடித்துக் கூப்பிடுவதுபோல.

பாஸ். பச்சை முதுகு.
அளவுகோலில் பதிமூன்றரை.
பதினான்கு இருந்தால் எனக்கு, இல்லாவிட்டால் ஏரிக்கு.
வாலைச் சற்று அழுத்திப் பிடித்தால் நீளும்
என்பதையும் கண்டுகொண்டேன்.
துறையில் எங்களைத் தவிர ஆளில்லை.
தோ செங் அக்கரையில் எதையோ பார்க்கத் தொடங்கினார்.
அங்கே ஒன்றுமில்லை.

நீருக்குள் வைத்துக் கையைத் திறந்தேன்.
ஒரு கணம் உள்ளங்கைமேலேயே நின்றது,
செவுள் மட்டும் திறந்து மூடி,
இறங்குமிடம் வந்தும் எழாத பிள்ளைபோல.
பிறகு நேராகக் கீழே.

வாளியில் வெறும் தண்ணீர்.
பழக்கதோஷம்,
எண்ணிக்கொண்டிருக்கிறேன்:
அங்கே இருபத்துமூன்று இருக்கைகள்,
ஒன்றில் சரிகை.
யார் யார் ஏறியிருக்கிறார்களோ.