ஏழாவது பொத்தான்

பந்துருட்டும் கூடத்துக்கு மேல்மாடியில் ஒரு பல் டாக்டர்.
அவ்வளவுதான் கதை.
கீழே பந்து மோதும்போதெல்லாம்
மேலே துளைக்கருவி வழுக்கும்.
‘மாடியில் டாக்டர் பிளம்’ என்று பேர் வைத்தார்கள்.
எழுபத்தேழு, செவ்வாய் இரவு எட்டரை,
எதிர்ச் சேனலில் குத்துச்சண்டை.
ஆறு வாரம் ஓடியது.
ஓடியது என்பது மரியாதைக்கு. நொண்டியது.

பர்பேங்க் ஸ்டுடியோவில் நான் சிரிப்புக்காரன்.
சிரிக்கிறவன் இல்லை, பரிமாறுகிறவன்.
தட்டச்சுப் பொறி அளவில் ஒரு பெட்டி,
பொத்தானுக்கு ஒரு சிரிப்பு.
கூட்டம் சிரிக்க மறந்த இடத்தில்
உப்புப் போல் கொஞ்சம் தூவ வேண்டும்.
அந்த நாடகத்துக்கு மூட்டை உப்பும் பத்தவில்லை.

மூன்றாம் வாரப் பதிவு.
வாய் நிறையப் பஞ்சோடு ஒருத்தி காதலைச் சொல்கிறாள்,
டாக்டர் ‘கொப்பளியுங்கள்’ என்கிறார்.
கூட்டம் சிரித்தது, ஓய்ந்தது.
நடிகர் அடுத்த வசனத்துக்கு வாயெடுத்தார்.
அப்போது பின்வரிசையில் ஒற்றைச் சிரிப்பு,
அப்போதுதான் புரிந்தவனுடையது.
பனிக்காலையில் பழைய லாரி
மூன்றாம் திருகலில் பிடித்துக்கொள்வதுபோல்
இருமி, இழுத்து, கிளம்பி,
நிற்கவேயில்லை.
நடிகர் காத்திருந்தார். அவருக்கும் தொற்றிக்கொண்டது.
வெட்டு என்றார் தயாரிப்பாளர்.
வெட்டிவிட்டேன் என்றேன்.
வெட்டவில்லை.

‘அரை மணி நேரத்தில் நேர்மையான ஒரே சத்தம்
பிந்தி வந்த அந்த ஆளுடையது’
என்று எழுதினது ஒரு பத்திரிகை.
கடிதங்கள் நாற்பத்தொன்று.
ஒஹையோவின் பல் டாக்டர்கள் பதினொரு பேர்
ஒரே தாளில் கையெழுத்திட்டுக் கண்டித்திருந்தார்கள்.
ஒரு பையன் பந்துக்கூடத்தின் விலாசம் கேட்டான்.
நெப்ராஸ்காக்காரர் ஒருவர்,
அந்த மண்டு யார், ஒரு பீர் வாங்கித் தர வேண்டும் என்றார்.

நாற்பத்திரண்டாவது,
நாடகத்தை நிறுத்தி ஐந்து மாதம் கழித்து
டுலூத்திலிருந்து, கோடு போட்ட தாளில், பென்சிலில்.
லோர்னா ட்வெட்.
‘செப்டம்பரில் உங்கள் ஊருக்கு வந்திருந்தோம்.
வெயில் தாங்கவில்லை.
ஓசி டிக்கெட், உள்ளே ஏசி என்றார்கள்.
அது என் வீட்டுக்காரர் ஆர்வில் சிரித்தது.
எந்த ஜோக்கும் அவரிடம் சுற்றுவழியில்தான் வரும்.
டிவியில் வந்த அன்று சோபாவில் உட்கார்ந்து
தன் சிரிப்பைக் கேட்டு
மறுபடியும் பிந்திச் சிரித்தார்.
பிப்ரவரியில், பனி வாரும்போது, போய்விட்டார்.
நாடகம் வேண்டாம். அந்த இடம் மட்டும் கிடைக்குமா?’

நாடாவை அழித்திருந்தார்கள்.
அதன்மேல் ஒரு வினாடி வினா,
முதல் பரிசு வாஷிங் மெஷின்.

ஆனால் பெட்டிக்குள், ஏழாவது பொத்தானில்,
ஆர்வில் இருந்தார்.
திருடியதை ஒப்புக்கொள்ள இரண்டு வாரம் பிடித்தது.
கேசட்டில் பதிந்து அனுப்பினேன்.
திரும்பி வந்தது:
‘முன்னால் ஜோக் இல்லாமல் வெறும் சிரிப்பு
சமையலறையில் கேட்கப் பயமாயிருக்கிறது.’

அதனால் எழுதினேன்:
வியாழன் எட்டு மணி, புது நாடகம்,
மூன்று மாமியார்களோடு குடியிருக்கும் ஒரு தபால்காரன்.
இரண்டாம் பாதியில் கவனியுங்கள்.

நவம்பர் கடைசியில் ஒரு தபாலட்டை.
‘நாடகம் படுமோசம். ஒரு வாரம்கூட விடவில்லை.
ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்.
ஒன்பதாம் தேதி, நாய் படியில் உருண்டதற்கு
அவரைச் சிரிக்க வைத்துவிட்டீர்கள்.
ஆர்வில் நாயைப் பார்த்துச் சிரிக்க மாட்டார்.’

பிறகும் பதினாறு வருடம் அந்தப் பெட்டியோடு இருந்தேன்.
எத்தனையோ நாய்கள். நீச்சல் குளத்தில் விழுந்தன,
கல்யாணக் கேக்கைத் தின்றன,
ஒன்று பாதிரியாரின் பொய்முடியைக் கவ்விக்கொண்டு ஓடியது.
ஏழாவதன் மேல் விரல் போகும்,
நிற்கும்,
எட்டுக்கு நகரும்.